யார் சொன்ன வருமானம்?

"வீட்டுக்காரர் இருக்காரா?" வருமானக் கணக்கெடுப்புக்கு வருபவர் வாசலில் நின்று கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பதிலின் தரம் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தோம், பிழை எவ்வளவு என்று அறிக்கைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பதில் சொன்னவர் யார் என்பது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. சில அறிக்கைகளில் அந்த வரியும் இல்லை.

*

மலாவி நாட்டு ஆய்வு ஒன்று. மோனிகா ஃபிஷர், ஜெஃப்ரி ரைமர், எட்வர்ட் கார் மூவரும் 2010-இல் 'வேர்ல்ட் டெவலப்மென்ட்' இதழில் எழுதியது. குடும்பத் தலைவரை மட்டும் கேட்டால் போதும் என்ற நெடுநாள் வழக்கத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். மனைவியின் வருமானம் எவ்வளவு என்று கணவரையும் கேட்டார்கள், மனைவியையும் கேட்டார்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போன வீடுகள் நூற்றுக்கு 6. கணவர் சொல்லும் மதிப்பை நம்பி வறுமையை அளக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள்.

அந்த ஊர்ப் பெண்களின் வருமானம் எந்த வகையானது என்று பார்த்தால் காரணம் விளங்கும். அடுத்தவர் வயலில் அன்றாடக் கூலி. அதை அங்கே 'கன்யு' என்பார்கள். வீட்டில் காய்ச்சி விற்கும் பீர், சந்தையில் விற்கும் காய்கறி. கையில் வந்த அன்றைக்கே உப்பாகவும் சோளமாவாகவும் மாறிவிடும் பணம். வீட்டுக்குள் அது ஒரு தொகையாகச் சேர்ந்து நிற்பதே இல்லை. கணவர் எதைக் கண்டு கணக்குச் சொல்வார்?

*

இதனால் கெடுவது மொத்தத் தொகை மட்டும் என்றால் ஒரு பெருக்கல் போட்டுச் சரிசெய்துவிடலாம். உண்மையான கேடு அடுத்த கட்டத்தில் வருகிறது. வறுமைக்குக் காரணம் என்ன, எதில் பணம் போட்டால் அது குறையும் என்று இதே தரவை வைத்துத்தான் ஆராய்கிறார்கள். மனைவியின் சம்பாத்தியம் ஏட்டில் ஏறாவிட்டால், அவள் படித்ததற்கும் குடும்ப வருமானத்துக்கும் தொடர்பு இல்லாததுபோலத் தெரியும். அவளுக்குக் கொடுத்த கடன் வீண்போனதுபோலத் தெரியும். அதன்படி திட்டத்தையும் நிறுத்திவிடலாம்! ஒரு வீட்டு வாசலில் தவறான ஆளைக் கேட்டதன் விலை அது.

*

நம் நாட்டுக் கணக்கு. 2018-19 வேளாண் ஆண்டுக்கு, வேளாண் குடும்பங்களின் நிலை பற்றித் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த கணக்கெடுப்பில் மாத வருமானம் சராசரி 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமும் 4,063, பயிர் 3,798, கால்நடை 1,582. மூன்றாவது எண்ணில்தான் என் கண் நிற்கிறது. மாட்டுக்குப் புல்லறுப்பது, சாணி அள்ளுவது, பால் பீய்ச்சுவது, சொசைட்டியில் ஊற்றுவது என்று பெரும்பகுதி பெண்கள் பார்க்கும் வேலை. தீவனம் எவ்வளவுக்கு வாங்கினார்கள், வீட்டுக்கு எத்தனை லிட்டர் எடுத்துவைத்தார்கள், மாடு வற்றிய மாதங்கள் எவை என்று அவர்களுக்கே தெரியும். இத்தகைய கணக்கெடுப்புகளில் வீட்டுக்கு ஒருவர் பதில் சொல்வதே வழக்கம். அந்த ஒருவர் யார் என்பதைப் பொறுத்து இந்த 1,582 ஏறலாம், இறங்கலாம்.

மேரிலாந்து பல்கலைக்கழகமும் என்.சி.ஏ.இ.ஆர். என்ற பொருளாதார ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2004-05-இலும் 2011-12-இலும் நடத்திய இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பு நல்ல பணி. வீட்டுப் பெண்ணைத் தனியே பேட்டி கண்டார்கள். ஆனால் அவளிடம் கேட்டவை பிள்ளைப்பேறு, உடல்நலம், கல்வி, திருமணம் போன்றவை. வருமானக் கேள்விகள் பெரும்பாலும் குடும்பத் தலைவரிடம் போயின. அவளையும் உட்காரவைத்துப் பேசிய பிறகு, "நீங்க என்ன சம்பாதிக்கிறீங்க?" என்று கேட்க இன்னும் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

*

பெண்கள் சிறுகச் சிறுக ஒதுக்கிவைக்கும் சிறுவாட்டுப் பணம். கணவருக்குத் தெரியாத பணம் ஒன்று. தெரியக்கூடாது என்று மனைவி வைத்திருப்பது வேறொன்று. இரண்டாவதையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஆனால் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கணவர் வாசற்படியில் நிற்க, ஒரு பெண்ணிடம் சேமிப்பு எவ்வளவு என்று கேட்பது தவறு. குடிக்கும் கணவனிடமிருந்து பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவளுக்கு அந்தக் கேள்வி ஆபத்தானது.

ஆண்களும் ஒளிக்கிறார்கள். பொருளியலாளர் நவா அஷ்ரஃப் பிலிப்பைன்ஸில் தம்பதிகளிடம் செய்த சோதனை (2009): வீட்டுச் சேமிப்பு மனைவி கையில் இருக்கும் குடும்பங்களில், மனைவிக்குத் தெரியாது என்ற நிலையில் கணவர்கள் பணத்தைத் தங்கள் சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டார்கள்.

*

தான்சானியாவில் நடந்த ஒரு கணக்கெடுப்புச் சோதனை (பார்தாசி, பீகிள், டில்லன், செர்னீல்ஸ், 2011). இது வருமானம் பற்றியதல்ல, வேலை பற்றியது. ஆனாலும் குறித்துவைக்க வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொன்னபோது குறைந்து தெரிந்தது ஆண்களின் வேலைப் பங்கேற்பு. பெண்களின் பங்கேற்பு குறைந்து தெரிந்தது கேள்விகளைச் சுருக்கியபோது. பதில் சொல்பவருக்கும் யாரைப் பற்றிச் சொல்கிறாரோ அவருக்கும் உள்ள வயது இடைவெளி பெரிதும் பாதித்தது. ஆணா பெண்ணா என்பது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. ஆகவே, 'கணவரை விட்டு மனைவியைக் கேள்' என்று புதிய வழக்கம் ஏற்படுத்தினால் பழைய பிழை இடம் மாறும், அவ்வளவுதான். அப்பா மகனைப் பற்றிச் சொல்வதும் இதே பிழைக்கு உட்பட்டது.

*

யாரைக் கேட்டாலும் கௌரவம் குறுக்கே வரும். அமெரிக்காவில் மார்தா மரே-க்ளோஸும் மிஸ்டி ஹெகெனஸும் கணக்கெடுப்புப் பதில்களை வரிப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள் (2018). மனைவி அதிகம் சம்பாதிக்கும் வீடுகளில், பதிவுக்கும் பதிலுக்கும் உள்ள வேறுபாடு கணவர் விஷயத்தில் 2.9 விழுக்காட்டுப் புள்ளி மேலே போகிறது, மனைவி விஷயத்தில் 1.5 புள்ளி கீழே வருகிறது. சம்பளச் சீட்டு உள்ள நாட்டிலேயே இப்படி.

*

எல்லோரையும் கேட்டால் செலவு கூடும் என்பார்கள். கூடத்தான் செய்யும். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நீண்டகாலக் குடும்ப ஆய்வுகளில் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரையும் பேட்டி காண முயல்கிறார்கள். நமக்கு அத்தனை வீடுகளிலும் முடியாவிட்டால், ஒரு பகுதி வீடுகளிலாவது சம்பாதிக்கும் எல்லோரையும் தனித்தனியே கேட்டு, பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிந்து வெளியிடலாம். இரண்டு பதில்கள் மோதினால் இரண்டையும் அப்படியே பதிவுசெய்ய வேண்டும். களத்திலேயே ஒன்றை அழித்துவிடக் கூடாது.

*

தேசிய வீட்டு வருமானக் கணக்கெடுப்பை 2026-இல் தொடங்கப்போவதாக ஒன்றிய அரசு 2025-இல் அறிவித்தது. முன்சோதனையிலேயே பெரும்பாலானவர்கள் வருமானத்தைச் சொல்லத் தயங்கியிருக்கிறார்கள். கணக்கெடுப்பவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், அவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் சம்பாதிக்கும் ஒவ்வொருவரும் தங்கள் கணக்கைத் தாங்களே, தனியே சொல்ல இடம் கொடுங்கள்.