கேட்டவன் கடமை

இருபதாம் வயதில், தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். அங்கிருந்த மூத்த கணக்கப்பிள்ளையை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். மாலையில் கடை ஓய்ந்த பின், எனக்கு மலையாள எழுத்தும் கணக்கு முறையும் கற்பிப்பதைத் தம் கடமையாகவே அவர் மேற்கொண்டார்.

நான் நல்ல மாணவன் என்றே எண்ணியிருந்தேன். அவர் எது சொன்னாலும், "சரி அண்ணாச்சி" என்று தலையாட்டுவேன். குறுக்கே வினவுவது மரியாதைக் குறைவு என்பது என் கருத்து. ஒரு நாள் மலையாளக் குறிப்பொன்றில் 'முதல்முடக்கு' என்ற சொல்லைக் கண்டேன். முடங்கிப்போன பணம் என்று நானே பொருள் செய்துகொண்டு, அத்தொகையை வாராக் கடனில் எழுதிவிட்டேன். தொழிலில் இட்ட மூலதனத்தையே மலையாளத்தில் அவ்வாறு சொல்வர். அண்ணாச்சி இரவு நெடுநேரம் விழித்திருந்து ஏட்டைத் திருத்தினார். பின்பு, "தம்பி, விளங்காததை விளங்கியது என்று சொல்வது மரியாதை ஆகாது. என் உழைப்பும் வீண், உன் நாளும் வீண்" என்றார். அவர் கடிந்துகொண்டிருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

அன்றுமுதல் என் வழக்கம் மாறியது. முதலில் நானே முயன்று பார்ப்பேன். தடைப்பட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, அதை மட்டும் கேட்பேன். "கணக்குச் சொல்லித் தாருங்கள்" என்பதை விட்டு, "இந்தத் தொகை ஏன் வரவில் வராமல் பற்றில் வருகிறது?" என்று கேட்கக் கற்றேன். அவர் சொன்னதை என் சொற்களில் திருப்பிச் சொல்வேன். மறுநாள் செய்ததைக் காட்டுவேன். முன்பு ஒரு மணி நேரத்தில் ஏறாதது கால் மணியில் மனத்தில் பதிந்தது.

இந்நகரில் வாழ்ந்த மற்றொரு மாணவரின் வரலாற்றைப் பின்னர் அறிந்தேன். 'மனோன்மணீயம்' இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளையையே குறிப்பிடுகிறேன். அவர் ஒருவரிடமே எல்லாவற்றையும் எதிர்பார்க்கவில்லை. தமிழுக்கு நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை, மேனாட்டுத் தத்துவத்திற்கு டாக்டர் ஹார்வி, ஞானநெறிக்குக் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள் எனத் துறைக்கொரு வழிகாட்டியை அவர் கொண்டார். ஹார்விக்குப் பின் அவர் வகித்த தத்துவப் பேராசிரியர் பதவியைத் தாமே ஏற்றார். 1891-இல் வெளிவந்த நாடகத்தை அந்த ஆசிரியருக்கே உரிமையாக்கினார். பேரூர்க்கடையில் தம் இல்லத்திற்கும் 'ஹார்விபுரம்' என்று பெயரிட்டார். ஆசிரியர் காட்டிய வழியில் தாம் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை உலகறியச் சொன்ன மாணவர் அவர்.

நானோ சொல்லத் தவறினேன். வேறு நிறுவனத்தில் வேலை வந்தபோது, போகலாமா என்று அண்ணாச்சியிடம் யோசனை கேட்டேன். சம்பளத்தைப் பார்க்காதே, கற்றுக்கொள்ள இடமுண்டா என்று பார் என்றார். போனேன், நன்றாகவே அமைந்தது. ஆயினும் அதை அவரிடம் போய்ச் சொல்லவில்லை. நாளை, நாளை என்று பதினோர் ஆண்டுகள் கழிந்தன. உடல்நலமில்லை என்று கேள்வியுற்றுக் கரமனையில் அவர் வீட்டுக்குச் சென்றேன். பார்வை மங்கிவிட்டிருந்தது, குரலைக் கொண்டு என்னை அறிந்தார். அவர் கேட்ட முதற்கேள்வி: "அந்த வேலை எப்படி இருந்தது, தம்பி? நான் சொன்னது சரிதானா?"

பதினோர் ஆண்டுகள் அவர் மனத்தில் அக்கேள்வி விடையின்றியே கிடந்திருக்கிறது. யோசனை சொன்னவர், அது பிழையாகிவிட்டதோ என்ற கவலையையும் சேர்த்தே சுமக்கிறார் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த நம் ஒவ்வொருவருக்கும் இங்கே யாரேனும் ஓர் அண்ணாச்சி இருந்திருப்பார். நம் பிள்ளைகளுக்கும் ஒருவர் வாய்க்கட்டும். வினவுவதற்கு நாணாதிருக்கவும், கேட்டபடி முயன்று பார்க்கவும் அவர்களைப் பழக்குவோம். முடிவு நன்றாயினும் அன்றாயினும், அதை அவரிடம் போய்ச் சொல்லவும் கற்பிப்போம்.