சேவையகம் எழுதும் நாட்குறிப்பு

திங்கள், காலை 9.05

அலுவலகக் கணினி ஒவ்வொன்றும், எவரும் பணிக்காமலேயே, தனக்கென ஒரு நாட்குறிப்பை எழுதி வருகிறது. விண்டோஸ் இயங்குதளத்தில் ஈவெண்ட் லாக் எனப்படும் இந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு நிகழ்வும் நாள், மணி, நொடியோடு ஓர் எண்ணாகப் பதியப்படுகிறது. 4624 என்பது உள்நுழைவு நிறைவேறியதையும், 4625 என்பது அது நிறைவேறாமற் போனதையும், 4740 என்பது கணக்கு ஒன்று பூட்டப்பட்டதையும் குறிக்கும். நடுத்தர அலுவலகம் ஒன்றின் கணினிகள் ஒரே நெட்வொர்க்கில் இணைந்திருக்க, ஊழியர் கணக்குகளைக் காக்கும் பொறுப்பு டொமைன் கண்ட்ரோலர் என்னும் சேவையகத்திடமும், பொதுக் கோப்புகளைக் காக்கும் பொறுப்பு ஃபைல் சர்வர் என்னும் மற்றொரு சேவையகத்திடமும் விடப்பட்டிருக்கும்போது, அவ்விரண்டின் பதிவேடுகளையும் அருகருகே வைத்து வாசிப்பவருக்கு, வருகைப் பதிவேடு சொல்லாத பலவும் தெரியவரும். இக்குறிப்புகள் அத்தகைய அலுவலகத்தின் வழக்கமான வாரம் ஒன்றை அந்த எண்களின் வழியே பின்தொடர்கின்றன.

வாரத்தின் முதல் வேலையாகப் பல மேசைகளில் அழுத்தப்படுபவை கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்னும் மூன்று விசைகள். 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். பொறியாளர் டேவிட் பிராட்லி, உறைந்துபோன கணினியை மறுபடி தொடங்குவதற்காக அமைத்த இந்தக் கூட்டு விசையை, 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. முற்றிலும் வேறான ஒரு பணிக்கு எடுத்துக்கொண்டது. சாதாரண நிரல் எதுவும் இவ்விசைக்கூட்டை இடைமறிக்க இயலாது என்பதால், இதை அழுத்தியபின் தோன்றும் உள்நுழைவுத் திரை, கடவுச்சொல்லைத் திருடுவதற்காக யாரோ வரைந்துவைத்த போலித் திரையாக இருக்க முடியாது. கணினி ஊழியரைச் சோதிப்பதற்கு முன்பாக, ஊழியர் கணினியைச் சோதிக்கும் இந்த ஏற்பாடு, அதை நாள்தோறும் செய்பவர்களாலேயே அறியப்படாமல் நடந்துவருகிறது.

பெயரும் கடவுச்சொல்லும் தட்டப்பட்டபின் நிகழ்வது பலரும் எண்ணியிருப்பதற்கு மாறானது. கடவுச்சொல் கம்பி வழியே எங்கும் செல்வதில்லை. மேசைக்கணினி அச்சொல்லிலிருந்து ஒரு மறைவிசையை ஆக்கி, அப்போதைய நேரத்தை அந்த விசையால் பூட்டி, அப்பொதியை மட்டும் டொமைன் கண்ட்ரோலருக்கு அனுப்புகிறது. கண்ட்ரோலர் தன்னிடமுள்ள அதே விசையால் பொதியைத் திறந்து, உள்ளே நடப்பு நேரம் இருக்கக் கண்டால், அனுப்பியவர் கடவுச்சொல்லை அறிந்தவரே என்று தீர்மானித்து ஒரு சீட்டை வழங்குகிறது. கெர்பரோஸ் எனப்படும் இம்முறை, 1983-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய அதீனா திட்டத்தில் உருவாகி, கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயரைப் பெற்று, 2000-இல் விண்டோஸ் 2000 வழியாக உலகெங்கும் அலுவலகங்களுக்குள் நுழைந்தது.

அந்த முதற்சீட்டு நேரடியாக எந்தக் கதவையும் திறப்பதில்லை. பிற சீட்டுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை மட்டுமே அது தருகிறது. இயல்பான அமைப்பில் அதன் ஆயுள் 10 மணி நேரம், அதாவது ஏறத்தாழ ஒரு வேலைநாள். ஊழியர் பொதுக் கோப்புறையைத் தொட்டவுடன், மேசைக்கணினி முதற்சீட்டைக் காட்டி ஃபைல் சர்வருக்கென்று தனிச்சீட்டு ஒன்றை வாங்குகிறது. அந்தத் தனிச்சீட்டு ஃபைல் சர்வருக்கு மட்டுமே உரிய விசையால் பூட்டப்பட்டிருப்பதால், அதைச் சுமந்துசெல்லும் மேசைக்கணினியாலேயே அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. பதிவேட்டில் இந்த நடை 4768, 4769 எனக் கண்ட்ரோலரிலும், 4624 என ஃபைல் சர்வரிலும் மூன்று வரிகளாக முடிந்துவிடுகிறது. ஊழியரின் கடவுச்சொல் எதுவென்று ஃபைல் சர்வர் ஒருபோதும் அறிவதில்லை. கண்ட்ரோலர் சொன்னதை நம்பி அவரை உள்ளே விடுகிறது.

திங்கள், காலை 9.40

நேரமே சாட்சியாக இருக்கும் அமைப்பில் கடிகாரம் பிழைத்தால் ஆளும் பிழைத்தவராகிவிடுகிறார். கெர்பரோஸ் இயல்பாகப் பொறுத்துக்கொள்ளும் வேறுபாடு 5 நிமிடம்; அதற்கு மேற்பட்டால், பழைய பொதியை எவரோ பிடித்துவைத்து மறுபடி அனுப்புகிறார்கள் என்று ஐயுற்றுச் சீட்டு மறுக்கப்படலாம். மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினி, மின்சாரம் நின்று வந்தபின் பல ஆண்டுகள் பின்னோக்கிய தேதியோடு விழித்தெழுவது இந்த வகைத் தோல்விக்கு அடிக்கடி காரணமாகிறது. கடவுச்சொல்லைப் பத்து முறை தட்டிப் பார்ப்பதற்கு முன் திரையின் வலது மூலையில் உள்ள தேதியைப் பார்ப்பது நல்லது.

செவ்வாய், காலை 10.15

பதிவேட்டில் 4740, ஒரே கணக்குக்கு இரண்டாம் முறை. முந்தைய நாள் கடவுச்சொல்லை மாற்றிய ஊழியரின் கைப்பேசியோ, வேறொரு கணினியில் மூடாமல் விட்ட அமர்வோ, பழைய சொல்லை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்க, தவறான முயற்சிகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டவுடன் கணக்கு பூட்டிக்கொள்கிறது. இந்த நிகழ்வின் பதிவில், முயற்சி எந்தக் கணினியிலிருந்து வந்தது என்னும் விவரமும் இடம்பெறுவதால், தேடல் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கலாம். ஆயினும் பல அலுவலகங்களில் பூட்டைத் திறந்துவிடுவதோடு வேலை முடிந்ததாகக் கருதப்பட்டு, அரை மணி நேரத்தில் அது மறுபடி பூட்டப்படுகிறது.

கணினியில் கடவுச்சொல் என்னும் வழக்கமே, பலர் ஒரே எந்திரத்தைப் பகிர்ந்துகொண்டதால் வந்தது. 1961-இல் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் செய்து காட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். என்னும் நேரப்பகிர்வு அமைப்பில், அதாவது ஒரே கணினியின் நேரத்தைத் துண்டுகளாக்கிப் பலருக்கும் பங்கிடும் ஏற்பாட்டில், ஒவ்வொருவரின் கோப்புகளையும் தனித்துக் காக்க வேண்டியிருந்ததால் ஆளுக்கொரு கடவுச்சொல் தரப்பட்டது. 1962-இல் அங்கு ஆய்வு மாணவராயிருந்த ஆலன் ஷெர், வாரத்துக்கு 4 மணி நேரம் என்று தமக்கு ஒதுக்கப்பட்டிருந்த கணினி நேரம் போதாமையால், கடவுச்சொற் கோப்பை அச்சிடக் கோரும் துளை அட்டை ஒன்றை அச்சுவேலைகளோடு சேர்த்து அனுப்பி, எல்லோருடைய சொற்களையும் தாளில் பெற்றுக்கொண்டதைப் பல ஆண்டுகளுக்குப் பின் தாமே வெளிப்படுத்தினார். அதே அமைப்பில் நேர்ந்த இன்னொரு நிகழ்ச்சி, பகிரப்படும் கோப்புகளின் இயல்பை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. உள்நுழைவோர் அனைவருக்கும் காட்டப்படும் அன்றைய அறிவிப்பை ஒரு நிர்வாகியும், கடவுச்சொற் பட்டியலை மற்றொரு நிர்வாகியும் ஒரே வேளையில் திருத்திக்கொண்டிருக்க, திருத்தி நிரல் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை இட்டமையால் இரண்டும் இடம் மாறி, அன்று உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொற் பட்டியலே திரையிடப்பட்டது. அங்கே பூட்டு உடைக்கப்படவில்லை. இருவர் ஒரே பெயரைப் பயன்படுத்தியதே போதுமானதாயிற்று.

கடவுச்சொல்லைக் குறித்த நாள்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும் என்னும் விதி, விண்டோஸ் டொமைனில் இயல்பாக 42 நாள் என அமைந்திருப்பது, இன்று அதை வகுத்தவர்களாலேயே கைவிடப்பட்டுவிட்டது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இல் தன் வழிகாட்டுதல்களிலிருந்தும், மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் அடிப்படைப் பரிந்துரைகளிலிருந்தும் கட்டாய மாற்றத்தை நீக்கின. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர் சொல்லின் இறுதியில் உள்ள எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார் என்பதும், மறந்துவிடாமலிருக்க அதை எழுதி விசைப்பலகையின் அடியில் ஒட்டுவார் என்பதும் எந்த அலுவலகத்திலும் மேசையைத் தூக்கிப் பார்த்தால் தெரியக்கூடியவையே. விதி போனபின்னும் வழக்கம் பல இடங்களில் நீடிக்கிறது.

புதன், காலை 11.00

“லாகின் ஆகிறது, இசட் டிரைவ் வரவில்லை” என்பது இன்றைய முறையீடு. ஃபைல் சர்வரில் உள்ள பொதுக் கோப்புறைக்கு மேசைக்கணினியில் ஓர் எழுத்தைச் சூட்டி, அதைச் சொந்த வட்டுப்போலக் காட்டும் வழக்கத்தையே ஊழியர்கள் டிரைவ் என்கிறார்கள். சுவிட்சிலிருந்து கேபிள் கழன்றிருந்தாலும் விண்டோஸ் உள்ளே விடுகிறது, ஏனெனில் முன்பு நுழைந்தவர்களுள் இயல்பாகக் கடைசி 10 பேரின் சான்றுகளை அது உள்ளூரிலேயே சேமித்து வைத்திருக்கிறது. திரை திறந்ததைக் கொண்டு நெட்வொர்க்கும் திறந்துவிட்டது என்று ஊழியர் கருதுவதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

மேசைக்கணினியும் ஃபைல் சர்வரும் பேசிக்கொள்ளும் மொழி எஸ்.எம்.பி. எனப்படும். 1980-களில் ஐ.பி.எம்.மில் பேரி ஃபைகன்பாம் வகுத்த இம்மொழியை, ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆய்வு மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்பியில் ஓடும் பொதிகளைக் கவனித்தே கற்று, யூனிக்ஸ் கணினிகளும் அதைப் பேசும்படி ஒரு நிரலை எழுதினார். முதலில் இட்ட பெயர் வேறொரு நிறுவனத்துக்கு உரியதாக இருந்தமையால், எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் வரிசையாக வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடச் செய்து, கிடைத்தவற்றுள் ஒன்றான சாம்பா என்பதைத் தேர்ந்தார். உரிமக் கட்டணம் இல்லாத லினக்ஸ் பெட்டியொன்றை ஃபைல் சர்வராக வைத்திருக்கும் சிறு அலுவலகங்கள் இன்றும் அந்தப் பெயரின்மேல்தான் நிற்கின்றன. இம்மொழியின் மிகப் பழைய பதிப்பை நிறுத்தாமல் விட்டதன் விளைவு 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் பரவியபோது தெரிந்தது. அத்தீநிரல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிடப்பட்டிருந்தது.

இணைப்பு வந்தபின் எழுவது அனுமதி பற்றிய கேள்வி. வந்தவர் யார் என்று உறுதிசெய்வது சான்றுறுதி. வந்தவர் எதைத் தொடலாம் என்று தீர்ப்பது அனுமதி. முதலாவதைக் கண்ட்ரோலரும் இரண்டாவதை ஃபைல் சர்வரும் செய்கின்றன என்பதை உணராமல், “ஆக்சஸ் டினைட்” என்று திரை சொன்னவுடன் கடவுச்சொல்லை மாற்றித்தரக் கேட்பவர்கள் அலுவலகந்தோறும் உண்டு. கோப்புறையைப் பகிரும்போது இடப்படும் ஷேர் அனுமதி ஒன்றும், வட்டிலேயே எழுதப்படும் என்.டி.எஃப்.எஸ். அனுமதி ஒன்றும் இருக்க, இரண்டில் எது குறுகலோ அதுவே செல்லும். அனுமதிகள் ஆளுக்கு அல்லாமல் குரூப்புகளுக்குத் தரப்படுவதே ஒழுங்கு. கணக்குப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவரை அப்பிரிவின் குரூப்பில் சேர்த்தால், அவருக்குரிய கோப்புறைகள் அனைத்தும் ஒருங்கே திறக்கும்.

ஆனால் உடனே திறப்பதில்லை. குரூப்புகளின் பட்டியல் காலையில் பெற்ற சீட்டுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடுவதால், பகல் 11 மணிக்குச் சேர்க்கப்பட்ட குரூப் அச்சீட்டில் இருப்பதில்லை. வெளியேறி மறுபடி உள்நுழைந்தாலே புதிய சீட்டில் அது ஏறும். “லாக் ஆஃப் பண்ணிட்டு வாங்க” என்று கணினிப் பிரிவினர் சொல்வதைத் தட்டிக்கழிக்கும் பேச்சாக எடுத்துக்கொள்ளும் ஊழியர்களுக்கு, இந்த ஒரு வாக்கியத்தின் பின்னே உள்ள காரணத்தை யாரேனும் சொல்லியிருந்தால் பல மனத்தாங்கல்கள் நேர்ந்திரா.

வியாழன், பகல் 12.30

ஒரே அட்டவணையை இருவர் திறக்க, இரண்டாமவருக்குப் படிக்க மட்டுமே கிடைக்கிறது. முதலில் திறந்தவரின் பெயரைத் தாங்கிய சிறு மறைகோப்பு ஒன்று அதே கோப்புறையில் உருவாகி, அவர் மூடியதும் மறைய வேண்டியது, கணினி நடுவில் நின்றுபோனால் அப்படியே தங்கிவிடுகிறது. உணவுக்குச் சென்றவர் பூட்டியதாகத் தோன்றும் கோப்புகளில் சில இவ்வகையின. பொதுக் கோப்புறையில் அழிக்கப்பட்ட கோப்பு மேசைக்கணினியின் குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை என்பதும் பெரும்பாலோர் இழந்தபின்னரே அறியும் செய்தி.

தமிழில் கோப்பெழுதும் அலுவலகங்களுக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. வானவில் போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், சீட்டும் சரி, அனுமதியும் சரி, கோப்பும் திறந்துவிட்டது. திரையிலோ ரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு குப்பையே நிற்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தர நிர்ணயமாக ஏற்றபின் எழுதப்பட்டவற்றுக்கு இத்தொல்லை குறைவு. அதற்கு முந்தையவை சர்வரின் ஆழத்தில், உரிய எழுத்துருவைத் தேடிக் காத்திருக்கின்றன.

வெள்ளி, மாலை 5.20

ஃபைல் சர்வரின் பதிவேட்டில் 4624, இரண்டு மாதம் முன்பு ஓய்வுபெற்றவரின் பெயரில். இதில் களவு இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. அவருடைய இருக்கைக்கு வந்தவர், கோப்புகளெல்லாம் அந்தப் பெயரில் திறப்பதால், அதையே தட்டி நுழைந்திருக்கலாம். ஆனால் பதிவேட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது, நாளை ஒரு கோப்பு காணாமற் போனால் சேவையகம் சுட்டுவது ஓய்வூதியம் பெறுபவரையே. சேர்ப்பதற்கு விண்ணப்பப் படிவம் வைத்திருக்கும் அலுவலகங்கள் நீக்குவதற்கு ஒன்றை வைத்திருப்பது அரிது.

கணக்கை முடக்குவது ஒன்று, அழிப்பது வேறு. முடக்கினால் புதிய சீட்டு கிடைக்காது, எனினும் கையில் இருக்கும் சீட்டு தன் ஆயுள் தீரும்வரை செல்லக்கூடும் என்பதால், அந்த மேசையிலிருந்து இன்று மாலை திறந்திருக்கும் கோப்புறை உடனே மூடிக்கொள்ளாது. அழித்தாலோ மீட்பது கடினம். கோப்புறைகளின் அனுமதிப் பட்டியலில் எழுதப்பட்டிருப்பது ஊழியரின் பெயரன்று, கணக்கு உருவான நாளில் டொமைன் அதற்குச் சூட்டிய நீண்ட எண். அதே பெயரில் மறுபடி ஒரு கணக்கைத் தொடங்கினாலும் எண் புதிதாகவே வரும், பழைய கோப்புறை எதுவும் அதற்குத் திறக்காது. பெயர் அழிந்த கணக்கின் எண் மட்டும் பட்டியலிலேயே தங்கிவிடுகிறது. பத்து ஆண்டு பழைய பொதுக் கோப்புறை ஒன்றின் அனுமதிகளைத் திறந்து பார்த்தால், நடப்பு ஊழியர்களின் பெயர்களுக்கு இடையிடையே, எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண்கள் வரிசையாக நிற்கின்றன; அவை எவருடையவை என்பதை அந்த அலுவலகத்தில் எவரும், கண்ட்ரோலர் உட்பட, இப்போது சொல்ல முடியாது.