எண்ணெய்ப் பொட்டு

எண்ணெய் ஒழுகாத பழைய ஆங்கில மோட்டார் வண்டி உலகில் இல்லை என்பது, அவ்வண்டிகளை வைத்திருப்போர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் மொழி. கோப்பாயில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் நிற்கும் மொறிஸ் மைனரும் இதற்கு விலக்கன்று. எனினும் ஒழுக்குக்கும் ஒழுக்குக்கும் வேறுபாடு உண்டு. என்ஜினின் அடித்தட்டில் ஊறி விழும் எண்ணெயைப் பொறுத்துக்கொள்ளலாம். டிஸ்ரிபியூட்டரில் ஏறும் எண்ணெயைப் பொறுத்துக்கொள்ள முடியாது. முன்னது பணத்தைத் தின்னும். பின்னது நடுவழியில் நிறுத்தும். 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் வண்டியில் நான் கண்டது பின்னதை. அதனைத் திருத்த முற்பட்டு ஏறத்தாழ மூன்று மாதங்கள் நான் பட்ட பாட்டை இங்கு எழுத விழைகிறேன். நான் பொறியியல் கற்றவனல்லன், வரலாறு கற்பிப்பவன். பொறியியற்பீட நண்பர்கள் பிழை கண்டால் பொறுத்தருள்க.

டிஸ்ரிபியூட்டர் என்பது பெயருக்கேற்பப் பங்கிட்டு வழங்கும் கருவி. நான்கு சிலிண்டர்களுக்கும் உரிய வேளையில் மின்பொறி சென்று சேரவேண்டும். மைனரில் அது ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற ஒழுங்கில் நிகழ்கிறது. கருவியின் தண்டு என்ஜினின் உள்ளிருந்து சுழற்றப்படுகிறது. என்ஜின் இருமுறை சுற்ற அது ஒருமுறை சுற்றும். மேலே பேக்கலைற் மூடி, அதன் கீழ் றோட்டர், அதற்கும் கீழே திறந்து மூடும் இரு சிறு உலோக முனைகள். இம்முனைகளையே பொயின்ற் என்கிறோம். அவற்றினிடையே விடவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினான்கு முதல் பதினாறு பங்கு. அந்த நூலிடையில் எண்ணெய் படிந்தால் முனைகள் கருகும், பொறி தவறும், வண்டி விக்கும். தண்டின் கீழ்முனை எப்போதும் என்ஜினின் எண்ணெய்ப் புகாரில் நனைந்தே சுழல்கிறது. மின்சாரம் வாழும் மேல்வீட்டுக்கும் எண்ணெய் வாழும் கீழ்வீட்டுக்கும் இடையே ஒரு தண்டும் ஒரு வளையமுமே வேலி.

வண்டி 1960 ஆம் ஆண்டுக்குரியது. 948 கனசென்றிமீற்றர் என்ஜின் உடையது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வினம் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தி செய்யப்பட்டது. அப்பா அதனை 1978 இல் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடமிருந்து வாங்கினார். அவர் 2011 இல் மறைந்த பின் வண்டி பெரும்பாலும் கொட்டிலிலேயே நின்றது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. மாதந்தோறும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். முச்சக்கர வண்டியில் ஏற மாட்டார். ஆகவே வண்டியைத் துடைத்தெடுத்தேன். இரண்டாம் முறை சென்று திரும்புகையில், இருபாலைச் சந்தியில், நண்பகல் வெயிலில், அம்மாவை உள்ளே வைத்துக்கொண்டு வண்டி விக்கி நின்றது. மூடியைத் திறந்தேன். உள்ளே கறுத்த எண்ணெய் பளபளத்தது. கைக்குட்டையால் துடைத்துப் பொயின்ற்ஸை உலர்த்திய பின்னரே புறப்பட முடிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீடு வந்து இறங்கும்போது மட்டும், "இது முந்தியும் இப்பிடித்தான் செய்தது" என்றார். எந்த முந்தி என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

தொரன்ரோவிலிருக்கும் தம்பி தொலைபேசியில், "அண்ணை, அதை வித்துப்போட்டு ஒரு சின்ன யப்பான் கார் வாங்குங்கோ, நான் காசு அனுப்புறன்" என்றான். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் நாட்டில் பழைய கார்களின் விலை எங்கு போய் நின்றது என்பதை அவன் அறியான். விலை ஒரு காரணம். வேறு காரணமும் இருந்தது.

முதல் முயற்சியை நானே செய்தேன். டிஸ்ரிபியூட்டரைக் கழற்றுவதற்கு இரு வழிகள் உண்டு. கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் பட்டையின் போல்ற்றைத் தளர்த்தி இழுப்பது ஒன்று. அது எளிது; ஆனால் கருவி திரும்பிப் பொறியின் வேளை குழம்பிவிடும். பட்டையை என்ஜினோடு பிணைக்கும் இரு திருகுகளைக் கழற்றி, பட்டையோடு சேர்த்துக் கருவியைத் தூக்குவது மற்றது. அவ்வாறு செய்தால் வேளை மாறாது. கீழ்முனையிலுள்ள நாக்கு தண்டின் நடுவிலன்றிச் சற்று ஒருபக்கம் விலகி அமைந்திருப்பதால், மீண்டும் வைக்கும்போது ஒரேயொரு நிலையில்தான் அது பொருந்தும். தவறாக வைக்க நினைத்தாலும் வைக்க முடியாது. இதை அமைத்தவன் மனித இயல்பை நன்கறிந்தவன்.

தூக்கியெடுத்தபோது கழுத்தில் இருந்த வளையம் கடையில் விற்கும் வளையமன்று. சைக்கிள் ரியூப்பிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டிய துண்டு. எண்ணெயில் ஊறி வீங்கி, அட்டைபோல வழுக்கியது. சைக்கிள் ரியூப்பின் ரப்பர் எண்ணெய்க்கு ஆகாது. அது எண்ணெயைக் குடித்து உப்பித் தன் வடிவை இழக்கும். இவ்விடத்துக்கு வேண்டியது நைற்றைல் என்னும் செயற்கை ரப்பர். அப்பாவுக்கு இது தெரியாதிருந்திருக்க முடியாது. தெரிந்தும் ரியூப்பை வெட்டினார் என்றால், அவர் வெட்டிய ஆண்டு எதுவென்று ஊகிக்க வரலாற்றாசிரியன் தேவையில்லை.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. பற்றரியும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டன. மின்சாரமும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மருந்துப் போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு என்ஜினை உயிர்ப்பிப்பர். சூடேறிய பின் மண்ணெண்ணெய் தொடரும். தெருவெங்கும் வெண்புகையும் அந்த மணமும். இன்றும் மண்ணெண்ணெய் விளக்கின் மணம் எனக்கு வீட்டை நினைவூட்டுவதில்லை. அந்தத் தெருக்களையே நினைவூட்டுகிறது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதன்று. எரியாது எஞ்சிய பகுதி சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, என்ஜின் ஒயிலோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே நாள் செல்லச் செல்ல ஒயில் குறைவதற்குப் பதில் கூடும். அளவுகோலை உருவிப் பார்த்துவிட்டு அப்பா, "மணிமேகலையின் அமுதசுரபி நயினாதீவிலையில்லை, இஞ்சை கிடக்குது" என்று சிரிப்பார். நீர்த்த ஒயில் உராய்வைத் தாங்காது. பிஸ்ரன் வளையங்கள் தேயும். தேய்ந்த வளையங்களைக் கடந்து எரிவாயு என்ஜினின் அடிவயிற்றுக்குள் இறங்கும். அடிவயிற்றில் அழுத்தம் கூடினால் எண்ணெய் எந்தச் சந்தினூடும் வெளியேற முயலும். இந்தத் தொடரை நான் பின்னரே விளங்கிக்கொண்டேன். ஒரு சுவையான முரணையும் இங்குச் சொல்லவேண்டும். 1990களில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்தின் பாத் நகருக்கு அனுப்பப்பட்டன. பிறந்த நாட்டு மைனர்களுக்கு இலங்கையிலிருந்து உறுப்புகள் போயின. கோப்பாய் மைனருக்குச் சைக்கிள் ரியூப் வாய்த்தது.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. நாவற்குழிப் பாலத்தால் ஒரு வெள்ளமும் கோப்பாய் – கைதடி வீதியால் ஒரு வெள்ளமுமாக மக்கள் தென்மராட்சிக்குச் சென்றனர். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பின்னிருக்கையில் அப்பாச்சி, அவருக்கு மூச்சு முட்டு. அவருக்கு அருகில் அம்மாவும் தம்பியும். அப்பா வண்டியைச் சனத்தின் நடையோடு நடையாக உருட்டினார். என் வேலை பெற்றோல் போத்தலைப் பிடித்துக்கொண்டிருப்பது. கடனீரேரி வெளியில், மழையில், வண்டி விக்கி நின்றது. பின்னாலிருந்து வந்தவர்கள் ஏசவில்லை. சிலர் தள்ளினார்கள், பலர் விலகி நடந்தார்கள். அப்பா டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். ரோச் லைற்றுக்குப் பற்றரி ஏது? இருட்டில் விரலால் தடவிப் பார்த்து, "ஒயில்" என்றார். உடலில் உலர்ந்த துணி ஒருவரிடமும் இல்லை. அப்பாச்சி தன் மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்து, திருநீறும் காசும் கட்டிவைத்திருந்த துணித்துண்டை நீட்டினார். அதனால் துடைத்த பின் வண்டி கைதடி போய்ச் சேர்ந்தது. 1996 சித்திரையில் நாங்கள் கோப்பாய்க்கு மீண்டோம். அப்பாச்சி மீளவில்லை.

மீண்டும் 2023 க்கு வருகிறேன். ஸ்ரான்லி வீதியில் நைற்றைல் வளையம் ஒன்றை வாங்கிப் பூட்டினேன், பொயின்ற்ஸையும் மாற்றினேன். இரு வாரம் உலர்ந்திருந்தது. மூன்றாம் வாரம் தரையில் மீண்டும் கரும்பொட்டு, மூடிக்குள்ளும் ஈரம். வளையம் தரமற்றது என எண்ணி இன்னொன்று பூட்டினேன். அதுவும் அவ்வாறே. தண்டு சுழலும் புஷ் தேய்ந்திருக்கும் என்று எண்ணிப் பட்டினத்துக் கராச் ஒன்றில் கொடுத்தேன். பணம் போனதேயன்றி எண்ணெய் நிற்கவில்லை.

கடைசியில் நீர்வேலியில் வசிக்கும் முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தேன். எண்பது வயதை அண்மித்தவர், கண்பார்வை மங்கியவர். டிஸ்ரிபியூட்டரை அவர் பார்க்கவே இல்லை. என்ஜினை ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார்.

"தம்பி, கையை வைச்சுப் பாருங்கோ."

வைத்தேன். வெப்பக் காற்று கையைத் தள்ளியது.

"நீங்கள் வாசலுக்கு வாசல் பூட்டுப் போடுறியள். உள்ளுக்கை இருக்கிறவனுக்கு மூச்சு முட்டுது. அவன் எந்தக் கதவையும் உடைச்சுக்கொண்டுதான் வருவான்."

பின்னர் வண்டியின் கீழ் ஒரு சாக்கை விரித்துப் படுத்தார். அந்த வயதில் அவர் படுத்ததும் எனக்கு நாணமாயிருந்தது. என்ஜினின் மறுபக்கத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கும் ஒரு குழாய் உண்டு. அடிவயிற்றின் காற்று வெளியேறுவது அதனூடே. அதன் வாயில் கம்பியை விட்டுக் குடைந்தார். செம்மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது. குளவிக்கூடு! 2022 இல் பெற்றோல் நெருக்கடியில் வண்டி மாதக்கணக்கில் அசையாது நின்றபோது குளவி அங்கு குடியேறியிருக்கிறது. அதற்கு மேலே பழைய எண்ணெய்க் கசடு இறுகி அடைத்திருந்தது. கசடு அப்பா காலத்தது. குளவி என் காலத்தது. இரண்டையும் நீக்கிக் குழாயை மண்ணெண்ணெயில் கழுவினோம். மீண்டும் மூடியைத் திறந்து கையை வைத்தபோது காற்றின் வேகம் வெகுவாகக் குறைந்திருந்தது, முற்றாக நின்றுவிடவில்லை.

"றிங் தேஞ்சுபோச்சு. அது மண்ணெண்ணெய் தின்ன தேய்வு. என்ஜினை இறக்கினால்தான் சரிவரும். ஓடுற ஓட்டத்துக்கு இது காணும்" என்றார்.

புறப்படுமுன் அவர் டிஸ்ரிபியூட்டரின் கழுத்தைப் பெற்றோல் துணியால் துடைத்தார். "உங்கடை அப்பா கோடு போட்டிருப்பார், பாருங்கோ" என்றார். இரு திருகு வழியே கருவியைப் பலமுறை தூக்கி வைத்தும், பட்டையை நான் ஒருமுறையேனும் துடைத்ததில்லை. கசடு நீங்கியதும் பட்டையில் ஊசியால் கீறிய இரு கோடுகள் தெரிந்தன. ஒன்றின் அருகே 'பெ'; மற்றதன் அருகே 'ம'. கருவியின் உடலில் கீறிய கோடு 'ம'வின் நேரே நின்றது.

மண்ணெண்ணெய் அழுத்தத்தில் தானே முந்தி வெடிக்கும் இயல்புடையது, என்ஜின் தட்டும். ஆகவே பொறியைச் சற்றுத் தாமதிக்கச் செய்வர். றோட்டர் சுழலும் திசையில் கருவியின் உடலைத் திருப்பினால் பொறி பிந்தும். எதிர்த்திசையில் திருப்பினால் முந்தும். பெற்றோல் வந்ததும் பழைய நிலைக்குத் திருப்பிவிடவேண்டும். அப்பா திருப்பவில்லை. 1996 முதல் தம் இறுதிவரை பெற்றோலை ஊற்றிக்கொண்டு மண்ணெண்ணெயின் வேளையிலேயே ஓடியிருக்கிறார். ஏற்றங்களே இல்லாத இக்குடாநாட்டில் வண்டி இழுக்கவில்லை, சூடேறுகிறது, பெற்றோலைக் குடிக்கிறது என்று நாங்கள் முறையிட்டபோதெல்லாம் "பழசுதானே" என்பார். திருப்புவதற்கு ஐந்து நிமிடம் போதும். மறந்துவிட்டார் என்று நான் நம்பவில்லை. 2002 இல் பாதை திறந்தது, 2006 இல் மூடியது. அவர் கணக்கு அவருக்கு. 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது அப்பா இருந்திருந்தால் என்ன சொல்வார் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் அவ்வாண்டு மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. மீனவர் கரையில் நின்றனர். அவர் போட்ட இரண்டாவது கோடும் அப்போது உதவியிராது.

"எந்தக் கோட்டிலை விட?" என்று மெக்கானிக் கேட்டார்.

நான் உடனே விடை கூறவில்லை. அவர் பீடியொன்றைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பெற்றோலிலை விடுங்கோ" என்றது அம்மாதான்.

போல்ற்றைத் தளர்த்தி, ஒரு விரற்கடையும் இல்லாத அந்தத் தூரத்தை அவர் திருப்பினார். வண்டி வேறு குரலில் பேசியது. இருபாலை வரை ஓட்டிப் பார்த்தேன். இத்தனை காலம் இவ்வலு எங்கிருந்தது என்று வியக்கும்படி இழுத்தது. 'ம' என்ற கோட்டை அரத்தால் தேய்த்துவிடவா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்றேன்.

மூடிக்குள் இப்போது ஈரமில்லை. என்ஜினின் கீழே மட்டும் கிழமைக்கு ஒன்றோ இரண்டோ பொட்டு விழுகிறது. வெற்று மீன் ரின் ஒன்றை வைத்திருக்கிறேன். தம்பி சென்ற ஆடியில் வந்தபோது அதைக் கண்டு சிரித்தான். பின்னர் அம்மாவை ஏற்றிக்கொண்டு கைதடி வரை தானே ஓட்டிப் போய்வந்தான்.