எண்ணாமல் எழுதிய எண்கள்

நியூட்ரோபில் 62, லிம்போசைட் 31, ஈசினோபில் 4, மோனோசைட் 3, பேசோபில் 0. கூட்டினால் 100. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என்னால் எழுத முடியும். எழுதியும் இருக்கிறேன். பி.எஸ்சி. எம்எல்டி (மெடிக்கல் லேபரட்டரி டெக்னாலஜி) படித்தபோது என் ஹெமட்டாலஜி ரெக்கார்டு நோட்டில் இருந்த டிசி கணக்குகளில் பாதிக்கு மேல் நான் எண்ணாதவை.

டிசி என்பது வெள்ளை அணுக்களில் எந்த வகை எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கணக்கு. ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் ஸ்மியராக இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து அதன் மேல் பஃபர் தண்ணீர் கலந்து, கழுவி, உலர்த்தி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு நூறு மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கும் முறை உண்டு. மேலே சில ஃபீல்டு, பக்கத்தில் சில ஃபீல்டு, கீழே சில ஃபீல்டு என்று வளைந்து வளைந்து போக வேண்டும். பெரிய அணுக்கள் ஸ்மியரின் ஓரத்துக்கும் வாலுக்கும் ஒதுங்கிவிடும், லிம்போசைட் நடுவில் தங்கிவிடும். ஒரே இடத்தில் நின்று எண்ணினால் கணக்கு ஒரு பக்கம் சாயும். நூறு அணு கிடைக்கிற வரை இப்படி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

நான் நாலைந்து ஃபீல்டு பார்ப்பேன். பத்துப் பதினைந்து அணு கண்ணில் படும். ‘நார்மல்தான்’ என்று தோன்றியதும் மீதியைக் குத்துமதிப்பாக அடித்துவிடுவேன். எங்கள் லேபில் விசை வைத்த டிசி கவுண்டர் இருந்தது. ஒவ்வொரு வகை அணுவுக்கும் ஒரு விசை, நூறாவது தட்டலில் மணி அடிக்கும். ப்ராக்டிகல் எடுக்கும் மேடம் அறையில் இருப்பதால் சத்தம் கேட்க வேண்டும், இல்லையென்றால் சந்தேகம் வரும். அதனால் கண்ணை ஐபீஸில் ஒட்டிவைத்து, ஸ்டேஜ் திருகைத் தொடாமல், ஒரே ஃபீல்டைப் பார்த்தபடி விசைகளைத் தட்டுவேன். நியூட்ரோபில் இரண்டு, லிம்போசைட் ஒன்று, நியூட்ரோபில் இரண்டு. நடுவில் ஒரு ஈசினோபில் போட்டால் கொஞ்சம் உண்மை மாதிரி இருக்கும். மணி அடித்ததும் பெருமூச்சு விட்டு நிமிர்ந்து உட்காருவேன், கண் வலிக்கிற பாவனையில்.

மேடம் ஒரு நாள் வந்து ஐபீஸ் வழியாகப் பார்க்கவே இல்லை. ஸ்லைடைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “எண்ணெய் உருண்டை உருண்டையாவே இருக்கு. அது இருந்த இடத்துல இருக்கு, நீ மட்டும் நூறு வரைக்கும் போயிட்டியா?” என்றார். உண்மையாக எண்ணியிருந்தால் லென்ஸ் போன வழியெல்லாம் எண்ணெய் இழுபட்டுக் கோடாக நீண்டிருக்கும். எனக்கு அது தெரியாது. எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும்.

திருந்தினேன் என்று எழுத ஆசைதான். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது எண்ணெயை இழுத்துவிடுவது. அடுத்த வகுப்பிலிருந்து விசையைத் தட்டுவதற்கு முன்னால் திருகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டி, எண்ணெய் நன்றாகப் பரவியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அதற்கு ஆன நேரத்தில் முப்பது அணுவையாவது எண்ணியிருக்கலாம்.

சோம்பல் மட்டும் காரணம் இல்லை. நான் அந்தப் படிப்பை மதிக்கவில்லை. எம்பிபிஎஸ்தான் என் கனவு. நீட் வருவதற்கு முந்தைய காலம், பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்கு மாற்றிப் போடும் கட்-ஆஃபில் கொஞ்சத்தில் தவறிப்போனது. அதற்கு அடுத்து என்ன என்று அப்பா விசாரித்தபோது யாரோ எம்எல்டி என்றார்கள். சேர்ந்தேன். கல்யாண வீட்டில் என்ன படிக்கிறே என்று கேட்டால் “மெடிக்கல்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன், அடுத்த இரண்டு சொற்களை முழுங்கிவிடுவேன். “டாக்டருக்கா?” என்று திருப்பிக் கேட்டால் சிரித்துவைப்பேன். அம்மா பக்கத்தில் நின்று அதைத் திருத்தியதே இல்லை. டாக்டர் முடிவெடுப்பார், நாம் திருகைத் திருப்புகிறவர்கள், நாம் எழுதும் எண்ணில் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தால் என்ன என்பதுதான் மனதுக்குள் ஓடிய எண்ணம். பயோகெமிஸ்ட்ரியிலும் இதே கதை. சீனியர் நோட்டிலிருந்து சர்க்கரை அளவை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குத் தோதாக ஓடி (ஆப்டிகல் டென்சிட்டி) எவ்வளவு வர வேண்டும் என்று பின்பக்கமாகக் கணக்குப் போடுவோம். வகுப்பில் பெரும்பாலோர் செய்தோம். அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

என் பொய் எவ்வளவு மோசமான பொய் என்பது பிறகுதான் புரிந்தது. ரும்கே அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. நூறு அணு எண்ணும்போது தற்செயலால் மட்டுமே கணக்கு எவ்வளவு ஆடும் என்று அது காட்டும். எண்ணிக்கையில் 50 வந்தால் உண்மை 39-லிருந்து 61 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 5 வந்தால் 1-லிருந்து 12 வரை. அதாவது ஒரே ஸ்லைடை ஒரே ஆள் மூன்று தடவை நேர்மையாக எண்ணினாலும் மூன்று விதமாக வரும். என் நோட்டில் நியூட்ரோபில் 58-க்குக் கீழே இறங்கியதில்லை, 65-ஐத் தாண்டியதும் இல்லை. 47 என்று எழுத எனக்குப் பயம். இரண்டு பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற யாருக்கும் அது கண்ணில் குத்தியிருக்க வேண்டும்.

நோட்டோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மூன்று வருடம் முடிந்து இன்டர்ன்ஷிப்பில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை மேசைக்குப் போட்டார்கள். ஜீல்-நீல்சன் சாயம் போட்ட ஸ்லைடில் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளைத் தேடுகிற வேலை. இங்கே விதி கறாரானது. 100 ஃபீல்டு பார்த்து ஒன்றுகூட இல்லையென்றால்தான் ‘நெகட்டிவ்’ எழுதலாம். நூறில் 1 முதல் 9 வரை இருந்தால் ‘ஸ்கேன்டி’, எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். 10 முதல் 99 வரை இருந்தால் 1+. ஒழுங்காகப் பார்த்தால் ஒரு ஸ்லைடுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். நீலத்தையே பார்த்துப் பார்த்துக் கண் சலித்துவிடும். ஒருவர் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

பழைய கை பழைய வேலையைக் காட்டியது. முப்பது ஃபீல்டு பார்ப்பேன், சில நாள் அதுவும் இல்லை, நெகட்டிவ். அப்போது போடாத கணக்கை இப்போது போட்டுப் பார்க்கிறேன். நூறு ஃபீல்டில் மூன்றே கிருமி சிதறிக் கிடக்கிற ஸ்லைடில் முப்பதோடு நிறுத்தினால், ஒன்றுமே கண்ணில் படாமல் போவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஈசினோபில் 4-க்குப் பதில் 6 என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இங்கே அந்த ஆள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்து இருமுவார்.

சந்தேகப்பட்ட ஒருவரிடம் இரண்டு சளி வாங்குவோம். வந்த அன்றைக்கு ஒன்று, மறுநாள் விடியலில் ஒன்று. முதலாவதை நான் பார்த்து நெகட்டிவ் போட்ட ஒருவருடைய இரண்டாவது ஸ்லைடை எங்கள் டெக்னீஷியன் சார் பார்த்தார், 1+. காலைச் சளியில் கிருமி கூடுதலாக இருப்பது வழக்கம்தான், அதனால் இதில் அதிசயம் இல்லை. ஆனால் அவர் பழைய ஆள். ஸ்லைடுப் பெட்டியிலிருந்து என் ஸ்லைடை எடுத்து மறுபடி ஏற்றினார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: “ஏம்மா, எத்தனை ஃபீல்டு பார்த்தே?”

“நூறு, சார்.”

“நாலு இருக்கு” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் சொன்ன பொய்களில் மிக மோசமானது அந்த இரண்டு சொல்தான். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் வாயைத் திறந்து மாற்றிச் சொல்லவில்லை. இன்டர்ன் படிக்கிற ஸ்லைடுக்கு ரெஜிஸ்டரில் அவர் கையெழுத்துத்தான் விழும். அந்தப் பெட்டியிலிருந்து மேற்பார்வையாளர் சில ஸ்லைடுகளை எடுத்து, முந்தைய முடிவு தெரியாமல் மறுபடி பார்ப்பார். ஸ்கேன்டியை நெகட்டிவ் என்று விட்டிருந்தால் அதற்கு ‘லோ ஃபால்ஸ் நெகட்டிவ்’ என்று பெயர், சிறு பிழைகளின் பட்டியலில் வரும். அந்த ஸ்லைடு மாட்டியிருந்தால் பிழை அவர் கணக்கில் ஏறியிருக்கும், என் கணக்கில் இல்லை. மாட்டியதா என்று தெரிவதற்குள் வேறு போஸ்டிங்குக்குப் போய்விட்டேன். போய்க் கேட்கவும் இல்லை. நோயாளிக்கு இரண்டாவது சளியை வைத்து மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள், ஆகவே கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை என்று பல காலம் சொல்லிக்கொண்டேன். இவர் ஒருவர் விஷயம் தெரியவந்தது, இரண்டாவது ஸ்லைடை வேறொருவர் பார்த்ததால். நான் நெகட்டிவ் போட்ட மற்றவர்களில் இரண்டையும் நானே பார்த்த ஆட்கள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு நூறும் பார்த்தேன். மனசாட்சி என்று சொல்லமாட்டேன், மாட்டிக்கொள்வேன் என்ற பயம்தான். பயத்தில் தொடங்கிய பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்றும் நூறு வரை உதட்டுக்குள் எண்ணுகிறேன்.

இப்போது நான் எம்எல்டி மாணவர்களுக்கு ப்ராக்டிகல் எடுக்கிறேன். டிசியை அனலைசர் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்துவிடுகிறது, காசநோய்க்கு சிபிநாட், ட்ரூநாட் என்ற மெஷின் சோதனைகள் வந்துவிட்டன. ஆனாலும் மெஷின் சந்தேகக் கொடி காட்டுகிற ஸ்மியரை ஒரு ஆள்தான் லென்ஸில் பார்க்க வேண்டும், அதனால் கையால் எண்ணுவதைச் சொல்லித்தருகிறோம். போன பரீட்சைக்கு முதல் நாள் ரெக்கார்டு நோட்டுகள் குவிந்தன. அதில் ஒரு பெண்ணின் நோட்டில் நியூட்ரோபில் எல்லாம் அறுபதை ஒட்டி, ஈசினோபில் எல்லாம் 2, 3, 4. நாங்கள் வகுப்புக்கென்று வைத்திருக்கிற ஒரு ஸ்லைடு குடல்புழு இருந்த ஒரு குழந்தையுடையது, நான் எண்ணியபோது ஈசினோபில் 28 இருந்தது. அதற்கும் அவள் 3 போட்டிருந்தாள்.

“இதை எண்ணினியா?”

“எண்ணினேன், மேம்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சைக்கு உள்ளே விட மாட்டார்கள் என்பது ஒரு காரணம். மேலே கேட்டால், எண்ணவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள் என்பது இன்னொன்று.