மன்னார் வழியில் ஒரு கூடாரப் பயணம்

கார்த்திகைக் கடைசியில், மழை சற்று ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், கூடாரத்தையும் சமையற் பாத்திரங்களையும் மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாரை நோக்கிக் குடும்பத்துடன் புறப்பட்டோம். 2011ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர், பூநகரி ஊடாக மன்னார் செல்வது எளிதாகிவிட்டது. நல்ல பாதை கிடைத்தால் விரைந்து செல்வதே மனித இயல்பு. நாமோ, பூக்களைக் கண்ட இடமெல்லாம் வண்டியை நிறுத்துவதென்று முன்னரே தீர்மானித்திருந்தோம்.

வெள்ளாங்குளத்தை அண்மித்தபோது, வீதியோரமெங்கும் ஆவாரை பொன்னிறமாய்ப் பூத்திருந்தது. அருகே, பற்றைகளின் மேல் கார்த்திகைப்பூக் கொடி படர்ந்திருந்தது. பண்டைப் புலவர்கள் காந்தள் என்று போற்றிய மலர் இதுவே. இக்கொடியின் இலைநுனியே சுருண்டு, அருகிலுள்ள செடியைப் பற்றிக்கொள்கின்றது. பச்சையாய் விரியும் இதழ்கள் மஞ்சளாகி, முடிவில் தீச்சுடர்போற் சிவக்கின்றன. ஒரே கொடியில் மூன்று நிறங்களையும் கண்டு மகிழ்ந்து நின்றோம். எங்கள் சின்னவன் அதனைக் கிழங்கோடு பிடுங்கிச் செல்ல முனைந்தான். மாடு சாய்த்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவர், "தம்பி, பிடுங்காதை! கிழங்கு பொல்லாத நஞ்சு. அது பார்க்கிற பூ மட்டுந்தான்" என்று தடுத்தார். அச்சொல்லின் முழுப் பொருளும் மறுநாள்தான் எங்களுக்கு விளங்கிற்று.

மாலையிற் கட்டுக்கரைக் குளத்தருகே, நண்பர் ஒருவரின் வயற்கரை மேட்டிற் கூடாரம் அடித்தோம். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்ததெனக் கூறப்படும் அக்குளத்திலே தாமரையும் அல்லியும் செழித்திருந்தன. நீண்ட விரல்களை இலைமேல் ஊன்றித் தாமரைக்கோழி நடந்து சென்றது. இரவு முழுவதும் ஆட்காட்டிக் குருவி எங்கள் வரவை ஊருக்கு அறிவித்துக்கொண்டேயிருந்தது!

விடியுமுன் வங்காலைக்குச் சென்றோம். 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டு, 2010ஆம் ஆண்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்ட இடம் அது. பரப்பு 4,839 ஹெக்டேர். ஆழங்குறைந்த நீரிலே பூநாரைகள், தலைகீழாகக் கவிழ்த்த அலகினால் சேற்றுநீரை வடித்து இரைதேடிக்கொண்டிருந்தன. வட ஆசியாவின் குளிரை விட்டு வந்த ஊசிவால் வாத்துக்கள் அப்பால் மிதந்தன.

இன்னும் கிட்டப் பார்க்கும் ஆசையினால் நாம் சேற்றில் இறங்கினோம். சில அடிகள்தாம் வைத்திருப்போம். பூநாரைக் கூட்டம் முழுவதும் ஒருசேர எழுந்தது; மடித்த சிறகில் மறைந்திருந்த செம்மையும் கருமையும் வானில் விரிந்தன. கண் களித்தது, மனமோ கூசிற்று. வலசை வரும் பறவைகள், திரும்பிச் செல்லும் நெடும்பயணத்துக்கான வலிமையை இத்தகைய நீர்நிலைகளிலேதான் உடம்பிற் சேர்த்துக்கொள்கின்றன. கலைந்து பறக்கும் ஒவ்வொரு முறையும், சேர்த்ததிற் சிறிது வீணாகின்றது. அவற்றின் காலை உணவைக் கெடுத்தவர்கள் வேறு யாருமல்லர். அவற்றைக் காண ஆசைப்பட்டு வந்த நாமேதான்.

"அந்த ஐயா சொன்னது இதுக்கும் சரிதானே, அப்பா?" என்று சின்னவன் கேட்டான். மறுமொழி கூறாமற் கரையேறினோம். ஒரு மணிநேரம் வண்டிக்குள்ளேயே அமைதியாக இருந்தோம். ஒன்றிரண்டாகப் பூநாரைகள் திரும்பி வந்து இறங்கின.

இவ்வழி செல்லும் அன்பர்கள் நல்ல தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு செல்வார்களாக. சேற்றில் இறங்கவேண்டிய அவசியமே இராது.