பறந்த மணிகள் சொல்லாத திறன்

கடல் கடந்த மடல் – ரொறன்ரோ

விமானத்துறையில் ஒருவரது திறனுக்குச் சான்றாக நெடுங்காலமாகக் காட்டப்பட்டு வந்தது அவரது பதிவேட்டில் சேர்ந்த பறப்பு மணிகளின் தொகையே. அந்தக் கணக்கு எவ்வளவு குறைபாடுடையது என்பது 1989 மார்ச் 10 அன்று வடமேற்கு ஒன்ராறியோவிலுள்ள டிரைடன் என்ற சிறு நகரில் வெளிப்பட்டது. அங்கிருந்து வின்னிப்பெக் நோக்கிப் புறப்பட்ட எயர் ஒன்ராறியோ நிறுவனத்தின் ஃபொக்கர் எஃப்-28 ஜெட் விமானம், இறக்கைகளில் பனி படிந்திருந்ததால் உயர முடியாமல் ஓடுபாதைக்கு அப்பாலுள்ள காட்டில் வீழ்ந்தது. அதிலிருந்த 69 பேரில் 24 பேர் இறந்தனர். தலைமை விமானி 20,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவராயினும், அந்த வகை விமானத்தில் அவருக்கும் துணை விமானிக்கும் தலைக்கு நூறு மணி நேர அனுபவம்கூட இருக்கவில்லை.

பனியே விழாத நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு, இறக்கைமேல் கிடக்கும் மெல்லிய வெண்படலம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் உப்புத்தாளின் சொரசொரப்பு அளவே இருந்தாலும் அது காற்றோட்டத்தைக் குலைத்து, விமானத்தை மேலெழுப்பும் தூக்குவிசையைப் பெரிதும் குறைத்துவிடும். படிந்த பனியைச் சூடான கிளைக்கோல் கலவையைப் பீய்ச்சி அகற்றுவது வழக்கம். டிரைடனில் அது நடைபெறாமைக்கு ஒரு காரணச் சங்கிலி உண்டு. பிரதான இயந்திரங்களை இயக்கத் தேவையான அழுத்தக் காற்றைத் தரும் துணை இயந்திரம் பல நாட்களாகப் பழுதாகியிருந்தது. தரையிலிருந்து இயக்கிவிடும் கருவி டிரைடனில் கிடையாது. ஆகவே ஓர் இயந்திரத்தையேனும் நிறுத்தாமல் ஓடவிட வேண்டியிருந்தது. அந்த வகை விமானத்தில் இயந்திரம் ஓடும்போதோ பனி அகற்றும் திரவத்தைப் பீய்ச்சக் கூடாது. டிரைடனில் எரிபொருள் நிரப்பும் தேவைகூட, அதற்கு முன்னர் விமானம் புறப்பட்ட தண்டர் பேயில் எடுக்கப்பட்ட முடிவால் நேர்ந்ததுதான்: ரத்தான வேறொரு விமானத்தின் பயணிகள் ஏற்றப்பட்டபோது, எடையைக் குறைக்கப் பயணிகளை இறக்கலாம் என்ற தலைமை விமானியின் எண்ணம் ஏற்கப்படாமல், எரிபொருளே இறக்கப்பட்டது.

இந்த விபத்தை விசாரித்த ஆணைக்குழுவின் தலைவரான நீதிபதி வேர்ஜில் மொஷான்ஸ்கி 1992இல் வெளியிட்ட இறுதி அறிக்கை, 191 பரிந்துரைகளைக் கொண்டது. விமானியின் தவறு என்று எழுதி முடித்திருக்கக்கூடிய ஒரு கோப்பை, அவர் நிறுவனத்தினதும் அரசினதும் திறன் பற்றிய ஆய்வாக விரித்ததே அதன் சிறப்பு. ஜெட் விமானத்தைப் புதிதாகச் சேவையில் இறக்கிய நிறுவனம் தனக்கென எஃப்-28 கையேடு ஒன்றை உருவாக்காததால் விமானிகள் அமெரிக்க நிறுவனங்களின் கையேடுகளை வைத்துப் பறந்தனர். பயணத் திட்டத்தையும் எரிபொருட் கணக்கையும் வகுத்துக்கொடுக்கும் தரைப்பணியாளர்களின் பயிற்சி போதாதிருந்தது. அந்த விமானத் திட்டத்தை நடத்தியவரோ பல பொறுப்புகளை ஒருங்கே சுமந்த, அவ்வகையில் அனுபவம் குறைந்தவர். போக்குவரத்து அமைச்சு 1988இல் நடத்திய தணிக்கையில் எஃப்-28 பிரிவு சேர்க்கப்படவே இல்லை.

எல்லாவற்றிலும் கூர்மையானது பயணிகள் பகுதியில் நிலவிய மௌனம். உயிர்தப்பிய விமானப் பணிப்பெண் இறக்கைமேல் பனியைக் கண்டிருந்தார். கடமையில் இல்லாமல் பயணிகளாக அமர்ந்திருந்த இரு விமானிகளும் கண்டிருந்தனர். எவரும் விமானி அறைக்குச் சொல்லவில்லை. பணிப்பெண்களின் பயிற்சியில் இறக்கைப் பனி இடம்பெறவில்லை, விமானிகள் அத்தகைய தலையீட்டை விரும்புவார்கள் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு இல்லை. பயணிகளாக வந்த விமானிகளோ, அது கடமையிலுள்ளவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று தொழில் மரியாதை கருதி ஒதுங்கினர். மூத்தவர் முன் வாய்திறக்கத் தயங்குவது கீழைநாட்டவரின் குணம் என்று பேசுவோர் இதைக் கவனிப்பது நல்லது.

நிறுவனத்தின் திறன் பற்றிய இந்தக் கேள்வி பின்னாளில் உலக விதிமுறையிலும் இடம்பெற்றது: பாதுகாப்பு முகாமைத்துவம் பற்றிய, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 19ஆம் இணைப்பு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆபத்துகளை விபத்துக்கு முன்பே கண்டறிந்து, மதிப்பிட்டு, கட்டுக்குள் வைத்திருக்க ஒரு நிறுவனம் மேற்கொள்ளும் ஒழுங்கான ஏற்பாடே பாதுகாப்பு முகாமைத்துவ முறைமை. அதில் ஊழியர் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கேற்பப் பயிற்சியும் திறனும் பெற்றிருக்க வேண்டும் என்று இந்த இணைப்பு கேட்கிறது. திறன் எனப்படுவது அறிவும் செய்கைப் பழக்கமும் மனப்பாங்கும் சேர்ந்தது. மேலாளருக்கு வேண்டியது ஒன்று, பொதி ஏற்றுபவருக்கு வேண்டியது வேறொன்று. எல்லோரையும் ஒரே வகுப்பில் அமர்த்தி, வருகைப் பதிவில் கையொப்பம் வாங்கிச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள் கோப்பை நிரப்புகின்றனவேயன்றித் திறனை வளர்ப்பதில்லை; வகுப்புக்குப் பின் பணியிடத்தில் ஒருவர் ஆபத்தை இனங்கண்டு அறிவிக்கிறாரா, அந்த அறிவிப்புக்கு மேலாளர் பதில் தருகிறாரா என்று பார்ப்பதே மெய்யான அளவீடு.

கனடா இந்த முறைமையை விமான நிறுவனங்களுக்கு 2005 முதலே கட்டாயமாக்கத் தொடங்கியிருந்தது. அத்தோடு அரசுப் பரிசோதகரின் வேலையும் மாறிற்று: விமானத்தையும் பதிவேட்டையும் நேரில் சோதித்து வந்தவர், இனி ஒரு நிறுவனம் தன் குறைகளைத் தானே கண்டறியும் முறை உண்மையில் இயங்குகிறதா என்று ஊழியரைக் கேட்டும் ஆவணங்களை ஒப்பிட்டும் தீர்மானிக்க வேண்டும். அதற்கு எத்தகைய திறனுள்ள பரிசோதகர்கள் எத்தனை பேர் தேவை என்பதை அமைச்சு வரையறுத்திருக்கவில்லை என்று கனடாவின் கணக்காய்வாளர் நாயகம் 2008இல் நாடாளுமன்றத்துக்கு அறிக்கையிட்டார்.