முறுக்கினால் முறியும்



ஆண்டு விழா மலரில் தமிழின் தொன்மையையும் திருக்குறளின் பெருமையையும் எழுதுவதே ஆசிரியர்களின் வழக்கம். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே எழுதினோம். இம்முறை எமது தொழிலைப் பற்றி எழுத விரும்புகின்றோம். சனிக்கிழமைகளில் கரும்பலகையின் முன் நிற்கும் நாம், ஏனைய நாள்களில் ஜேர்மனியிலுள்ள ஒரு கராச்சில் டீசல் வாகனங்களைத் திருத்துகின்றோம். தாயகத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்த எமக்கு, 2009ஆம் ஆண்டின் பின்னர் அகதியாக வந்த இந்நாட்டில் சோறு போட்டது இத்தொழிலே.

டீசல் இயந்திரத்தைக் கண்டவர் றூடோல்ஃப் டீசல். இவர் 1858இல் பாரிஸ் நகரில் ஜேர்மனியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, அக்குடும்பம் பாரிசை விட்டு இலண்டனுக்குப் பெயர நேர்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய அவர், படிப்பதற்காக ஜேர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரிலிருந்த உறவினரிடம் அனுப்பப்பட்டார். அதே நகரில்தான் 1897இல் அவரது இயந்திரம் வெற்றிகரமாக ஓடியது. போரினால் இடம்பெயர்ந்த பிள்ளையொன்றின் சாதனை அது என்பதை எமது பிள்ளைகள் நினைவிற் கொள்ள வேண்டும்.

பெற்றோல் இயந்திரத்தில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கின்றது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. பாடநூல் முசலம் என்று கூறும் பிஸ்டன், காற்றை ஏறத்தாழ 16 முதல் 20இல் ஒரு பங்காக அமுக்குகின்றது. அமுங்கிய காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறுகின்றது; அதனுள் பீச்சப்படும் டீசல் தானாகவே எரிகின்றது. ஆனால் உறைபனிக் காலையில் குளிர்ந்த இரும்பு அச்சூட்டை விழுங்கிவிடும். அப்பொழுது உதவுவதே குளோ பிளக். ஒரு சுண்டுவிரல் பருமனுமில்லாத இக்கோலின் நுனி, சில செக்கன்களில் 850 பாகையையும் தாண்டிச் செந்தணலாகும். யாழ்ப்பாணத்து வெயிலில் இதன் அருமை எமக்குத் தெரிந்திருக்கவில்லை. இங்கு வந்த முதற் பனிக்காலத்திலேயே தெரிந்துகொண்டோம்.

இக்கோல் ஆண்டுக்கணக்காக ஒரே துளையில் இருக்கும். அதைச் சுற்றியுள்ள சிறு இடைவெளியில் கரி படியும். மரையில் துரு ஏறும். பழுதடைந்து கழற்ற முற்படும்போது அது அசைய மறுக்கும். அவசரக்காரர் பலம் கொண்ட மட்டும் முறுக்குவார். முறுக்கினால் முறியும். 8 மில்லிமீற்றர் மரையுள்ள குளோ பிளக் ஏறத்தாழ 20 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையிலும், 10 மில்லிமீற்றர் மரையுள்ளது ஏறத்தாழ 35இலும் முறிந்துவிடும். மாணவர்களே, 20 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பனரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அந்த 20 வந்துவிடும். அவ்வளவு வலிமை உங்களிடமும் உண்டு. எனவே இதைக் கழற்றுவதற்கு வேண்டியது வலிமையன்று.

வேண்டியவை சூடு, எண்ணெய், நேரம் ஆகிய மூன்றுமே. முதலில் இயந்திரத்தை ஓடவிட்டு நன்கு சூடாக்க வேண்டும். மரையில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். மறுநாள் மீண்டும் சூடாக்கி, விசையை அளந்து காட்டும் ஸ்பனரை முறியும் எல்லைக்குக் கீழே நிறுத்தி, மெல்லத் திருப்ப வேண்டும். சிறிது இளகியதும் மறுபடி உள்ளே திருப்பி, எண்ணெய் விட்டு, மீண்டும் வெளியே திருப்ப வேண்டும். எல்லை வந்தும் அசையாவிட்டால் ஸ்பனரைக் கீழே வைத்துவிட வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் எம்மவர் ஒருவரின் பழைய வான் எமது கராச்சுக்கு இழுத்து வரப்பட்டது. அவர் நள்ளிரவு கடந்து பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிச் சென்று விநியோகிப்பவர். எங்கோ யாரோ அவசரப்பட்டு முறுக்கியதில், நான்கு குளோ பிளக்குகளில் ஒன்று தலை முறிந்து உள்ளே நின்றது. இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றினால் செலவு வானின் விலையை மிஞ்சும். வான் இல்லையேல் அவருக்கு வேலை இல்லை.

முறிந்த துண்டின் நடுவிலுள்ள கம்பியை முதலில் இழுத்தெடுத்தோம். பின்னர் வழிகாட்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தி, மையம் பிசகாமல், சிறிய அலகில் தொடங்கிப் படிப்படியாகத் துளைத்தோம். இரும்புத் துகள் உள்ளே விழாது ஒட்டிக்கொள்ளும்பொருட்டு அலகிற்குக் கிறீஸ் பூசினோம். மரைப்பகுதி நீங்கியபின், எஞ்சிய கோலினுள் புதிய மரை வெட்டி, இழுப்பான் ஒன்றைத் திருகி, சிறு சிறு தட்டல்களாக வெளியே எடுத்தோம். கோலின் நுனி சிலிண்டருக்குள் விழுந்திருந்தால் பிஸ்டன் அதன்மேல் மோதி இயந்திரமே பாழாகியிருக்கும். காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை மாலை நான்கு மணிக்கு முடிந்தது. துளையின் கரியைச் சுரண்டி, துகள்களை உறிஞ்சியெடுத்து, புதியதைப் பொருத்தினோம். அன்றிரவே அவர் வேலைக்குச் சென்றார்.

பெற்றோர்களே, இத்தொழில் எமது வகுப்பறைக்கும் உதவியது. பிள்ளை தமிழில் பேச மறுக்கும்போது நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் வலிமையையே. எம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு தவணை முழுவதும் வாய் திறக்கவில்லை. தமிழில் பேசாவிட்டால் தொலைக்காட்சி இல்லை என்று வீட்டிலே கட்டளை. அக்கட்டளையை நிறுத்தும்படி பெற்றோரைக் கேட்டுக்கொண்டோம். கிழமைக்கு ஒருமுறை ஊரிலுள்ள அம்மம்மாவுடன் தொலைபேசியில் பேசுவதை மட்டும் வீட்டுவேலையாகக் கொடுத்தோம். வகுப்பில் அவளிடம் கேள்வி கேட்பதையும் விட்டோம். மாதங்கள் பல சென்றன. ஒரு சனிக்கிழமை அவளாகவே கையுயர்த்தி, “சேர், அம்மம்மா ஏன் ‘கனகாலம்’ எண்டு சொல்லுறா?” என்று கேட்டாள்.

நீண்ட காலம் என்பதே அதன் பொருள் என்று விளக்கினோம். பிள்ளைகளிடம் தமிழை எதிர்பார்க்கும் நாம் அனைவரும் கற்க வேண்டிய சொல்லும் அதுவே.